தானாகப் போவதும் அனுப்பப்படுவதும்

அத்தியாயம் 14

வேலை போகப்போகிறது என்று தெரிந்த வீட்டில் முதலில் மாறுவது சத்தம். கதவை மெதுவாகச் சாத்துகிறார்கள். தொலைக்காட்சியைக் குறைத்து வைக்கிறார்கள். யாரோ பக்கத்து அறையில் நோயாளி படுத்திருப்பதைப் போல நடக்கிறார்கள். ரஸ்ஸல் கார்பட்டின் வீட்டில் ஒரு வாரத்துக்கும் மேலாக அப்படித்தான் இருந்தது.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் டீஸ் ஆற்றை ஒட்டி நிற்கும் கெல்டன் பம்ப் தொழிற்சாலை, தன் வடிவமைப்புப் பிரிவை மூடுவதாக அறிவித்திருந்தது. அந்தப் பிரிவில் ஒரு நாற்காலி ரஸ்ஸலின் மகள் லிடியாவுடையது.

லிடியா டிகிரி அப்ரண்டிஸ். வாரத்தில் நான்கு நாள் தொழிற்சாலையில் வேலை. வியாழக்கிழமை மட்டும் மிடில்ஸ்பரோவில் பல்கலைக்கழகப் படிப்பு. சம்பளமும் வரும், பட்டமும் வரும், படிப்புக்கென்று ஒரு பென்னி கடன் ஏறாது. கார்பட் குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. இவள் வாங்க இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை.

ரஸ்ஸலுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. கீழே சோதனைக்கூடத்தில் ஃபிட்டர். செய்து முடித்த பம்புகளைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்து, ஒழுகாது என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன். அவன் வேலைக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. மகளை நாற்காலியிலிருந்து எழுப்புகிற கட்டடத்துக்குள் அவன் தினமும் காலையில் அட்டையைக் காட்டி நுழைய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவன் வாயைத் திறந்தான்.

"அவங்க அனுப்புற வரைக்கும் உக்காந்திருக்காத கண்ணு. நீயே எழுந்து போயிடு."

"அவசரப்படாதீங்க ரெண்டு பேரும்," என்றாள் மேக்ஸின், அவன் மனைவி.

ரஸ்ஸல் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ரெட்கார். அந்த ஊர் உருக்காலை மூடியபோது அவன் அங்கே வேலையில் இருந்தான். கடைசி நாள் வரை ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தான். பிறகு ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரு மண்டபத்தில் வரிசையில் நின்றான். கழுத்தில் அட்டை மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் அவன் வயிற்றில் கிடக்கிறது. மகளை யாரும் அப்படிக் கேட்கக் கூடாது.

லிடியா அப்பா பேச்சைக் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. புதன்கிழமை காலையில், கம்ப்யூட்டரைத் திறந்த கையோடு, இரண்டு வரி ராஜினாமாவை மேலாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். மிச்சமிருந்த விடுப்பு நாட்களை நோட்டீஸ் காலத்துக்கு ஈடுகட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஆகவே அன்றைக்கே கடைசி நாள்.

போகிறவர்தான் தின்பண்டம் வாங்கி வைக்க வேண்டும் என்பது கெல்டனில் எழுதாத சட்டம். லிடியா இரண்டு பெட்டி டோனட்டோடு சோதனைக்கூடத்துக்கு இறங்கி வந்தாள்.

"கஸ்டர்டா, ஜாமா?" என்றான் டெஸ். ரஸ்ஸலுக்குப் பக்கத்து மேடையில் வேலை செய்கிறவன். வாய் மூடினால் செத்துவிடுவான்.

"ரெண்டும் இருக்கு."

"ரெண்டும் வாங்கிருக்கன்னா நெஜமாவே போற. பாதி மனசா இருக்கறவங்க ஜாம் மட்டுந்தான் வாங்குவாங்க." ஒன்றைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். கண்ணைச் சட்டென்று திருப்பிக்கொண்டான். "உங்கப்பனுக்கு ஒண்ணு எடுத்து வை. இல்லன்னா என் உயிர வாங்குவான்."

கெல்டனில் இன்னொரு வழக்கமும் உண்டு. பயிற்சி முடித்த அப்ரண்டிஸ் கடைசியாகப் பட்டறையைக் கடந்து போகும்போது, எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்து இரும்பில் அடிப்பார்கள். சுத்தியல், ஸ்பேனர், குழாய்த் துண்டு, எதுவானாலும் சரி. காது அடைக்கும் அளவுக்குச் சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நடந்து வெளியே போவதுதான் மரியாதை.

லிடியா பயிற்சியை முடிக்கவில்லை. அடிப்பார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ரஸ்ஸலைப் பார்த்தார்கள்.

ரஸ்ஸல் சுத்தியலை எடுத்தான். சோதனை மேடையின் வார்ப்பிரும்புத் தட்டில் ஓங்கி ஒன்று போட்டான். பிறகு டெஸ். பிறகு பட்டறை முழுக்க. பெயின்ட் அடிக்கிற இடத்திலிருந்துகூட யாரோ தகர டின்னைத் தட்டினார்கள். லிடியா நடுவில் நடந்தாள். வாசல் வரை அழவில்லை. வாசலில் அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று அழுதாள்.

ரஸ்ஸலுக்கு வெகு நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. தலை நிமிர்ந்து போனாள் என் மகள் என்று நினைத்தான்.

*

வீட்டுக்குப் போக லிடியாவுக்கு மனம் வரவில்லை. நேரே மிடில்ஸ்பரோ பேருந்தில் ஏறினாள். படிப்பையும் விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டால், ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோகும்.

பல்கலைக்கழகத்தில் அப்ரண்டிஸ்களைக் கவனிப்பதற்கென்றே இருக்கிற சமீனா, தன் அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். மிடில்ஸ்பரோவிலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று வருஷமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கெல்டனுக்கு வந்து, லிடியா என்ன கற்றாள், என்ன கற்கவில்லை என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள்.

"ஒருவழியா வந்துட்டா மகாராணி. நான் போட்ட மெயில் எதையாவது பாத்தியா?"

"பாக்கல."

"மூணு போட்டேன்."

"வேலை போறவங்களுக்கு உதவின்னு தலைப்பு இருந்துச்சு. ஆறுதல் சொல்லுவீங்கன்னு நெனச்சுத் தொறக்கல."

"நான் ஆறுதல் சொல்ற ஆளா? என் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியுதா? உக்காரு." சமீனா சாண்ட்விச்சின் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். "தின்னு. அழுதிருக்க. பரவால்ல, இப்ப நான் சொல்றதக் கேளு. நீ முக்கால்வாசிப் படிப்பத் தாண்டிட்ட. அதுக்கப்புறம் ஒரு அப்ரண்டிஸ ஆட்குறைப்புல அனுப்பினா, கம்பெனியே இல்லாம படிப்ப முடிக்கலாம். கட்டணத்த அரசாங்கம் கட்டிடும். நீ உன் வகுப்புலயே உக்காரலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் வாங்கலாம். அதுக்குள்ள உனக்கு வேற கம்பெனி கெடைக்குதான்னு நானும் நாலு எடத்துல கேட்டு வெச்சிருக்கேன். பில்லிங்ஹாம்ல ஒருத்தன் மாட்டேன்னு சொல்லல. அவன் மாட்டேன்னு சொல்லாததே பெரிய விஷயம்."

லிடியா சாண்ட்விச்சை எடுக்கவில்லை.

"என்ன?"

"நான் ராஜினாமா பண்ணிட்டேன்."

சமீனா மெல்லுவதை நிறுத்தினாள். "எப்ப?"

"காலைல."

"யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான்."

சமீனா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, மேசையின் அந்தப் பக்கம் போகாமல், லிடியாவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"நேராச் சொல்லிடறேன். இந்த விதி வேலை போனவங்களுக்குத்தான். வேலைய விட்டவங்களுக்கு இல்ல. நீயா போனா, கம்பெனி இல்லாத அப்ரண்டிஸ் ஆயிடுவ. அப்படி ஒருத்திய எங்களால வெச்சுக்க முடியாது. படிப்பு இங்கயே நின்னுடும்."

"மிச்சத்த நானே பணம் கட்டிப் படிச்சா?"

"இது அப்படிப் பிரிச்சுப் படிக்கற படிப்பு இல்ல. வேற படிப்புக்கு மாறணும், கடன் வாங்கணும், எத்தன வருஷம் திரும்பப் படிக்கணும்னு அவங்க சொல்லணும்."

லிடியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோனட் சர்க்கரை விரல் இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்தது.

"ராஜினாமாவத் திரும்ப வாங்க முடியாதா?"

"கம்பெனி ஒத்துக்கிட்டா முடியும். அவங்க மனசுதான்." சமீனா ஏற்கெனவே கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். கெல்டனின் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற, லீட்ஸிலிருந்து வந்த ஜோஸ்லின் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. வரவேற்பில் கேட்டாள். "நாள் பூரா மீட்டிங்காம். சாயங்காலம் ஜோஸ்லின் லீட்ஸ் கெளம்பிடுவாளாம். போறதுக்கு முன்னாடி ஆட்குறைப்புல யார் யார் பேர்னு தலைமை அலுவலகத்துக்கு முடிவு பண்ணி அனுப்பிடுவாளாம். அதுல உன் பேர் இருக்கணும் லிடியா. இல்லன்னா கஷ்டம். நீ இப்பவே போய் அவளப் பிடி."

"என் அட்டையக் குடுத்துட்டேன். உள்ள விடமாட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "எல்லாரும் சுத்தியலால அடிச்சு வழியனுப்பிட்டாங்க."

சமீனா அவள் தோளில் கை வைத்தாள். "உள்ள யாரு இருக்கா உனக்கு?"

*

மேக்ஸினுக்கு நார்ட்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைச் சுடுநீரில் அலசிக்கொண்டிருந்தபோது லிடியாவின் அழைப்பு வந்தது. கையுறையைக் கழற்றாமலே எடுத்தாள். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது.

"அழுது முடிச்சுட்டுப் பேசு கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

அழுது முடித்தாள். பேசினாள். மேக்ஸின் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லும்மா. கத்தாம சொல்லு. அவருக்குத் தெரியாது."

"சரி. முகத்தக் கழுவு. அந்தப் பொண்ணு குடுத்த சாண்ட்விச்சத் தின்னு."

சோதனைக்கூடத்தில் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. மேக்ஸின் தொழிற்சாலை வாசலுக்கே பேசி, வீட்டில் அவசரம் என்று ஆளைக் கூப்பிடச் சொன்னாள். ரஸ்ஸல் மூச்சிரைக்க ஓடி வந்து காவலாளியின் தொலைபேசியைப் பிடுங்கினான்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன் வாயாலதான் ஆயிருக்கு."

அவள் சொன்னாள். கத்தவில்லை. தானாகப் போனால் படிப்பு போகும், அவர்களாக அனுப்பினால் படிப்பு நிற்காது என்பதை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல நிதானமாக இரண்டு முறை சொன்னாள். ரஸ்ஸல் காவலாளியின் சின்ன ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"மேல போ. அந்த லீட்ஸ்காரி கெளம்பறதுக்குள்ள அவளப் பாரு. என் பொண்ண வேலைய விட்டு அனுப்புங்கன்னு கேளு."

"என்னன்னு கேக்கறது?"

"காதுல விழுந்துச்சு உனக்கு."

"மேக்ஸின், காலைலதான் அவளுக்காக நான் சுத்தியலத் தூக்கினேன். மொத்தப் பட்டறையும் பாத்துச்சு. இப்ப மாடிக்குப் போய், தயவு செஞ்சு அவளத் தொரத்துங்கன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேளு. நான் கட்டிக்கிட்டது அந்த மூஞ்சியத்தான். ஒண்ணும் மோசமில்ல."

ரஸ்ஸல் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"ரஸ்," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "யாரு பண்ணச் சொன்னான்னு அந்த சமீனா கேட்டிருக்கா. நானேதான்னு சொல்லியிருக்கா நம்ம பொண்ணு. உன் பேரச் சொல்லல."

ரஸ்ஸல் தொலைபேசியை வைத்தான்.

*

மாடிப்படிக்குப் போகிற வழியில் டெஸ் மறித்தான்.

"எங்கடா போற? அந்தப் பெரிய பம்ப் பாதில நிக்குது."

"கெஞ்சப் போறேன்."

"யாருகிட்ட?"

"லீட்ஸ்காரிகிட்ட."

டெஸ் சிரிக்க வாயெடுத்தவன் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சட்டைல எண்ணெய் இருக்கு," என்று மட்டும் சொல்லி, தன் மேல்கோட்டைக் கழற்றி நீட்டினான். அது ரஸ்ஸலுக்கு இரண்டு அளவு சின்னது. போட்டுக்கொண்டான்.

ஜோஸ்லின் பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கெல்டனுக்கு வந்து ஒரு வருஷமாகியும் கீழே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரஸ்ஸல் அவள் நீட்டிய தேநீரை இருமுறை வேண்டாமென்றிருக்கிறான்.

"ரஸ்ஸல். உள்ள வாங்க. லிடியா விஷயம் வருத்தமா இருக்கு. அவ மெயில மதியந்தான் பாத்தேன்."

"அதுக்குத்தான் வந்தேன்."

உட்காரச் சொன்னாள். அவன் நின்றான். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. ரெட்காரில் தொடங்கினால் வெகுநேரம் ஆகும்.

"அவள அனுப்பிடுங்கம்மா," என்றான்.

"புரியல."

"அவ தானா போனதா இருக்க வேணாம். நீங்க அனுப்பினதா இருக்கட்டும். ஆட்குறைப்புல. மத்தவங்கள அனுப்பற மாதிரியே."

ஜோஸ்லின் பையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் மற்றதைச் சொன்னான். முக்கால்வாசிப் படிப்பு, அரசாங்கம் கட்டணம் கட்டுவது, சமீனா, எல்லாவற்றையும் மேக்ஸின் சொன்ன வரிசையிலேயே ஒப்பித்தான். நடுவில் ஒரு இடத்தில் மறந்துபோய், திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னான்.

"இந்த வேலைல எத்தனையோ பேர் வந்து, என்ன அனுப்பாதீங்கன்னு கேட்டிருக்காங்க," என்றாள் ஜோஸ்லின். "அனுப்புங்கன்னு யாரும் வந்ததில்ல."

"நானும் இப்படிக் கேப்பேன்னு நெனச்சதில்ல."

"சிக்கல் என்னன்னா, காலைல நீங்க அடிச்ச சத்தம் மேல மீட்டிங் வரைக்கும் கேட்டுச்சு. யாரு போறான்னு மேனேஜர் கேட்டாரு. லிடியான்னு யாரோ சொன்னாங்க. அப்ப ஒரு பேரக் கொறச்சுடலாமேன்னு அவரே பேனாவால அடிச்சுட்டாரு."

"மொத அடி என்னோடது. அவ பேசாமத்தான் போனா."

"தெரியும். ஜன்னல்லேருந்து பாத்தேன்."

ரஸ்ஸல் கையில் தொப்பி எதுவும் இல்லை. இருந்திருந்தால் திருகியிருப்பான். டெஸ்ஸின் மேல்கோட்டு தோளில் இறுக்கியது.

"ராஜினாமா பண்ணச் சொன்னதும் நான்தாம்மா. எனக்கு ஒரு தடவை நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவளுக்கு விதி வேற, எனக்கு விதி வேறன்னு எனக்குத் தெரியல. அப்பா சொல்றாருன்னு செஞ்சுட்டா. இருபத்தொரு வயசாகியும் அப்பா சொன்னா கேக்கறா. அதுக்காக அவ படிப்பு போகக் கூடாது."

ஜோஸ்லின் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். பிறகு கணினியைத் திறந்தாள்.

"அவளே எழுதணும். ராஜினாமாவத் திரும்ப வாங்கறேன்னு. இப்பவே. நான் அதுக்கு பதில் போட்டு ஒத்துக்கிட்டதா எழுதினாத்தான் செல்லும். மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன். கெளம்பறதுக்குள்ள வந்துடணும்."

அவள் தன் கைப்பேசியையே நீட்டினாள். லிடியாவின் எண் ரஸ்ஸலுக்கு மனப்பாடம். குழந்தைக்கு முதல் கைப்பேசி வாங்கித் தந்தபோது மனப்பாடம் செய்தது.

"கண்ணு, அப்பா பேசறேன். நான் சொல்றத அப்படியே அடி."

ஜோஸ்லின் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ரஸ்ஸல் திருப்பிச் சொன்னான். அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கணினி ஒரு சின்னச் சத்தம் எழுப்பியது. ஜோஸ்லின் படித்தாள், பதில் எழுதினாள், அடுத்த அறைக்குப் போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை குரல் உயர்ந்தது. உயர்ந்தது அவள் குரல்தான்.

"முடிஞ்சுது," என்றாள் திரும்பி வந்து. "உங்க பொண்ண வேலைய விட்டு அனுப்பறோம், ரஸ்ஸல்."

"ரொம்ப நன்றிம்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. ரஸ்ஸலும் சிரித்தான். ஒரு வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"கடைசித் தேதி வரைக்கும் அவ வேலைக்கு வரணும். அட்டைய வாசல்ல திருப்பிக் குடுக்கச் சொல்லிடறேன்."

"வருவா. நான் கூட்டிட்டு வரேன்." கதவுப்பிடியில் கை வைத்தவன், நெஞ்சுப் பாரம் இறங்கிப்போன தெம்பில் வாயை விட்டான். "அவ படிச்சு முடிக்கற வரைக்கும் சோத்துக்கு நான் இருக்கேன்ல. பம்ப் இருக்கற வரைக்கும் சோதனைக்கூடமும் எங்க போகப்போகுது?"

அவன் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அல்லது ஆமாம் என்று ஒரு தலையாட்டல்.

ஜோஸ்லின் கணினியின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றாள். "பாத்துப் போங்க, ரஸ்ஸல்."

ரஸ்ஸல் அங்கேயே கொஞ்சம் நின்றான். ரெட்காரில் கடைசி மாதங்களில் மேற்பார்வையாளர்கள் இப்படித்தான் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். சொல்ல அனுமதி இல்லாதவர்கள், பொய் சொல்லவும் மனம் இல்லாதவர்கள். அவன் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அவள் வேலைக்கு ஆபத்து. ஒரு நாளைக்கு அவளிடம் இவ்வளவு கேட்டது போதும்.

"தேநீர் இருந்தா ஒரு வாய் குடிச்சுட்டுப் போறேன்," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பேசாமல் கெட்டிலைப் போட்டாள். சோதனைக்கூடமும் போகிறது என்பது அவனுக்கு அப்போது உறுதியாயிற்று.

*

வீட்டுக்கு வந்தபோது பார்மோ வாசனை தெருவரைக்கும் வந்தது. கோழியைத் தட்டையாக்கி, ரொட்டித்தூளில் பொரித்து, வெள்ளை சாஸும் பாலாடைக்கட்டியும் ஊற்றிச் சுட்டது. கொழுப்பு கூடாது என்று வைத்தியர் சொன்னதிலிருந்து மேக்ஸின் அதை வாங்குவதே இல்லை. இன்று வாங்கியிருந்தாள்.

லிடியா நடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டாள். ஏழெட்டு வயதில் கட்டிக்கொண்டதைப் போல, முழு பாரத்தையும் அவன் மேல் போட்டு.

"என்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கப்பா," என்றாள் அவன் நெஞ்சுக்குள்.

"தெரியும். நான்தான் தூக்கச் சொன்னேன்."

"யாரோட கோட்டு இது? கைய மடக்கவே முடியல உன்னால."

"டெஸ்ஸோடது. வெள்ளிக்கிழமை நீ உள்ள வந்ததும் டோனட்டத் திருப்பிக் குடுக்கலாம்னு இருக்கானாம். தின்னதுக்குப் பதிலா புதுசா வாங்கித் தருவானாம், ஆனா ஜாம் மட்டுந்தானாம்."

மேக்ஸின் அடுப்பிலிருந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். போகிற போக்கில் அவன் பின்கழுத்தை ஒருமுறை அழுத்தினாள். அது மன்னிப்பு. இருபத்தாறு வருஷத் திருமணத்தில் அவர்களுக்குள் அதற்கு மேல் சொல் தேவைப்பட்டதில்லை.

மூவரும் சாப்பிட்டார்கள். வீட்டில் பழைய சத்தம் திரும்பியிருந்தது. லிடியா வாய் நிறைய வைத்துக்கொண்டு சமீனாவின் குரலில் பேசிக் காட்டினாள். பில்லிங்ஹாம் கம்பெனி, புது வகுப்பு நேரம், எல்லாவற்றையும் கலந்து கொட்டினாள். ரஸ்ஸல் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த முகத்தை இன்று இப்படியே விட்டுவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தான். திங்களோ செவ்வாயோ, அறிவிக்கிறபோது அறிவிக்கட்டும்.

"அப்பா, இன்னொண்ணு. கடைசி ப்ராஜெக்ட்ட கெல்டன்ல பண்ண முடியாதில்ல. லேப்ல ஒரு பழைய பம்ப் தரேன்னு சொல்றாங்க. ரொம்ப ஒழுகுதாம். நீ வந்து ஒரு தடவை பாக்கறியா? ஆனா வாரநாள்லதான் லேப் தொறந்திருக்கும், அதுவும் பகல்ல. லீவு கெடைக்குமா உனக்கு?"

"கெடைக்கும்."

"ஒரு நாள்ல முடியாதுன்னு நெனக்கறேன்."

"எத்தன நாள் வேணும்னாலும் வரேன் கண்ணு."

லிடியா தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை வெட்டினாள். மேக்ஸின் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். வேலை நாளில் ரஸ்ஸல் லீவு கேட்டுப் போனது, அவளுக்குத் தெரிந்து, லிடியா பிறந்த அன்று ஒரு நாள்தான்.